ரிவர்ஸ்டன் ஓவியத்தில் கோபுரம் எங்கே?

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் கூட்டத்தில் ஒருத்தி எண்ணெய் வண்ணத்தில் வரைவாள். ஊர் இரத்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். போன வருடம் அவளுக்கு ஒரு ஓடர் வந்தது. ஒரு ஹோட்டலின் வரவேற்பறைச் சுவருக்குப் படம் வேண்டுமாம். வட்ஸ்அப்பில் வந்த குறிப்பு இதுதான்: இடம் ரிவர்ஸ்டன், இம்ப்ரெஷனிஸ்ட் ஸ்டைல், பனி நிறைய இருக்கவேண்டும், கலெக்டர்ஸ் பார்த்தால் நின்று விலை கேட்கவேண்டும். கூலி 85 ஆயிரம் ரூபாய்.

அவள் மாத்தளையிலிருந்து பஸ் ஏறி மூன்று தடவை போய் வந்தாள். ரிவர்ஸ்டனில் ஈசலை நிறுத்தவே முடியாது, காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். மடியில் அட்டையை வைத்துத்தான் ஸ்கெட்ச் பண்ணினாள். பிறகு அறைக்கு வந்து வரைந்தாள். மலை, புல்வெளி, வளைந்து போகும் தார் ரோடு, ரோட்டோரம் சாக்கு சுமந்து நடக்கும் இரண்டு பெண்கள், உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரம். எங்களுக்கு நல்லாவே பிடித்திருந்தது. ஃபோட்டோ எடுத்து அனுப்பினாள். பதில் வந்தது: "சூப்பர். டவரை எடுத்துடுங்க. அந்த ரெண்டு பேரையும் எடுத்துடுங்க. ரோட்டும் வேணாம்."

வண்ணம் இன்னும் காயவில்லை. டர்பன்டைனில் நனைத்த துணியால் ஒரு தேய். கோபுரம் போச்சு. இன்னொரு தேய். இரண்டு பெண்களும் போனார்கள். அந்த இடத்தில் வெள்ளையோடு கொஞ்சம் நீலம் கலந்து மெல்லிசாக இழுத்துவிட்டாள். பனி வந்துவிட்டது. எல்லாமாகச் சேர்த்து பத்து நிமிஷம் கூட ஆகவில்லை.

அந்தக் காசில் அவள் தங்கியிருந்த அறைக்கு வாடகை கட்டினாள். மிச்சத்தில் நாங்கள் எல்லோரும் கொத்து சாப்பிட்டோம். ஆகவே இதை நாங்கள் நீதிபதிகளாக இருந்து எழுதவில்லை. கூட்டுக் களவாணிகளாக எழுதுகிறோம்.

படத்தை ஃபோனில் அவளுடைய அம்மாயிக்குக் காட்டினாள். கொழுந்து பறித்தே வயது போன மனுஷி. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மல நல்லாத்தான் இருக்கு புள்ள. ஆனா ஒரு ஆளக் காணோமே. எல்லாரும் எங்க போயிட்டாங்க?" என்று கேட்டாராம். எங்களில் ஒருவருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

இது ஒரு ஹோட்டலோடு முடிகிற கதை இல்லை. கொழும்பில் விகாரமகாதேவிப் பூங்காவை ஒட்டி, ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் ஒருநாள் நடந்து பாருங்கள். எல்லோரும் கிரீன் பாத் என்று சொல்லும் அதே தெருதான். வேலியோரம் வரிசையாக ஓவியங்கள் நிற்கும். யானை, ஒன்பது வளைவுப் பாலம், நீர்வீழ்ச்சி, பனி மூடிய மலை. அப்புறம் கொழுந்து பறிக்கும் பெண். பெரும்பாலும் அவளுக்கு முகம் இருக்காது. சிவப்பில் ஒரு பொட்டு வைத்தால் சேலை, பழுப்பில் ஒரு பொட்டு வைத்தால் கூடை. மலையகத்து மனிதருக்கு இந்த ஓவியச் சந்தையில் இரண்டே இடம்தான்: ஒன்றில் பொட்டாக இருக்கலாம், இல்லையென்றால் பனிக்குள் போய்விடலாம்.

சரி, உண்மையான ரிவர்ஸ்டனில் என்னதான் இருக்கிறது?

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ரோடு ஏறுகிறது. முதலில் ஊர், மிளகுக் கொடி, பிறகு தேயிலை, லயங்கள். அதற்குமேல் காடு. நக்கிள்ஸ் மலைத்தொடர் என்று நாங்கள் சொல்வதைச் சிங்களத்தில் தும்பர என்கிறார்கள். 2000இல் அது பாதுகாப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. 2010இல் ஹோர்ட்டன் சமவெளியோடும் சிவனொளிபாதமலைக் காட்டோடும் சேர்த்து யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக்கியது. ஆனால் இது மனிதக் கை படாத காடு என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய மரங்களின் நிழலில் கீழ்ச்செடிகளை வெட்டி எடுத்துவிட்டு ஏலம் பயிரிட்ட காடு இது. அந்த ஏலச்செடிகள் இன்றைக்கும் காட்டுக்குள் நிற்கின்றன. காற்று அடிக்கிற உச்சியில் மரங்கள் எங்கள் தோளுயரத்துக்கு மேல் வளர்வதில்லை. ரோட்டிலேயே கொஞ்சத் தூரம் போனால் பிட்டவல பத்தன என்ற புல்வெளி வரும். மேலே மெல்லிய மண், கீழே பாறை, நீர் கசியும் அந்தப் பாறையில் நக்கிள்ஸை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு தவளை. இன்னும் கீழே இறங்கினால் லக்கல. களுகங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய பல்லேகம நகரம் தண்ணீருக்குள் போய்விட்டது, சனத்துக்குப் புது நகரம் கட்டிக் கொடுத்தார்கள். அந்த நீர்த்தேக்கத்தையும் நாளைக்கு யாராவது 'அமைதியான ஏரி' என்று வரைந்து விற்பார்கள், பாருங்கள்.

இவ்வளவுக்கும் மேலே, உச்சியில், இரும்புக் கோபுரம். ரிவர்ஸ்டனுக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் நடந்து போய்த் தொட்டுவிட்டு வருவதே அந்தக் கோபுரத்தடியைத்தான். அது இல்லாமல் ரிவர்ஸ்டன் வரைவது கோபுரம் இல்லாமல் நல்லூரை வரைவது மாதிரி. எங்கள் வடமராட்சிக்காரன் படத்தைப் பார்த்த உடனே கேட்டான்: "இது என்ன மச்சான், டவரைக் காணேல்ல. வேற எங்கயோ மலையைக் கீறி வச்சிருக்கிறியள்."

இனி எங்களுக்கு உண்மையாகவே கோபம் வந்த இடத்துக்கு வருகிறோம். கோபுரத்தை எடு, ஆட்களை எடு, ரோட்டை எடு என்று சொன்னவர்கள் அதற்கு வைத்த பெயர் 'இம்ப்ரெஷனிஸ்ட் ஸ்டைல்'. அந்தப் பெயருக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? 1874இல் பாரிஸில், நாடார் என்ற புகைப்படக்காரர் முன்பு வைத்திருந்த ஸ்டூடியோவில் சில ஓவியர்கள் சேர்ந்து கண்காட்சி வைத்தார்கள். (எங்கள் நாடார் இல்லை, பிரெஞ்சு நாடார்.) அதில் குளோட் மொனே 1872இல் வரைந்த 'இம்ப்ரெஷன், சூரிய உதயம்' இருந்தது. லூயி லெரோய் என்ற விமர்சகர் அந்தத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கேலி பண்ணினார். கேலிப் பெயரே இயக்கத்தின் பெயராக நிலைத்தது. இவ்வளவும் எல்லோரும் சொல்கிற கதை. ஆனால் அந்தப் படத்தையே ஒருதடவை கூர்ந்து பாருங்கள். லு ஹாவ்ர் துறைமுகம். செம்மஞ்சள் சூரியன், நீலப் பனி, சின்னப் படகுகள். அந்தப் பனிக்குப் பின்னால் நிற்பது என்ன? பாரந்தூக்கிகள், கப்பல் பாய்மரங்கள், புகைபோக்கிகள். இயக்கத்துக்கே பெயர் தந்த படத்தில், பனிக்குள்ளே தொழிற்சாலைப் புகை இருக்கிறது. மொனே அதைத் துணியால் துடைக்கவில்லை.

1877இல் அதே மொனே பாரிஸின் சென் லசார் ரயில் நிலையத்துக்குள் போய் நின்று, இரும்புக் கூரையையும் நீராவியையும் இஞ்சினையும் திரும்பத் திரும்ப வரைந்தார். அந்தக் காலத்து ரசிகர்களுக்கு ரயில் நிலையம் என்பது இன்றைக்கு எங்களுக்கு டவர் மாதிரித்தான்: வேண்டாத இரும்பு, காட்சியைக் கெடுக்கிற சாமான். பிஸாரோ வயலில் குனிந்து வேலை செய்யும் பெண்களை வரைந்தார். லண்டனுக்குப் போய் மொனே மயங்கி மயங்கி வரைந்த மூடுபனியிலும் பெரும்பங்கு நிலக்கரிப் புகைதான். அவர்களுடைய வெளிச்சம் புதிதாக இருந்ததற்குக் காரணம், கண்ணெதிரே இருந்த புதிய உலகத்தை அவர்கள் தள்ளி வைக்காததுதான்.

அவர்களால் வெளியே போய் வரைய முடிந்ததே ஒரு தொழிற்சாலைச் சாமானால். 1841இல் ஜோன் ராண்ட் என்ற அமெரிக்கர் மெல்லிய உலோகக் குழாயில் வண்ணம் அடைத்து விற்க வழி கண்டுபிடித்தார். அதற்கு முன்பு அரைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிக்கொண்டு போகவேண்டும். ட்யூப் வந்த பிறகுதான் வண்ணப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ரயிலேறி வயலுக்குப் போவது லேசான வேலையானது. ட்யூபும் ரயிலும் தந்த ஓவியத்தை, ரயிலும் இரும்பும் இல்லாத கனவுலகம் என்று எங்களுக்கு விற்கிறார்கள்.

"மொனே பூந்தோட்டம் வரையவில்லையா? பொப்ளார் மரம் வரையவில்லையா?" என்று கேட்பீர்கள். வரைந்தார். 1891இல் அந்தப் பொப்ளார் மரங்களை ஏலத்தில் விற்று வெட்டப் போனார்கள். படம் முடியும்வரை மரங்களை நிற்க விடுவதற்காக மொனே மரவியாபாரிக்குக் காசு கொடுத்தார். அதாவது அந்த அழகான மரங்களும் ஒரு வியாபாரியின் சரக்கு, வரைந்தவருக்கு அது தெரியும். அவருடைய புகழ்பெற்ற 'போர்' ஓவியங்களும் அப்படித்தான். அவை சும்மா வைக்கோல் குவியல் இல்லை. அறுத்த கதிரைச் சூடடிக்கும்வரை குவித்து வைத்த போர். வன்னியில் 'சூடு' என்கிறார்களே, அதேதான். ஒரு விவசாயியின் வருஷ உழைப்பு முழுவதும் அதற்குள் இருக்கிறது. 2019 மே மாதம் நியூயோர்க்கில் சதபீஸ் ஏலத்தில் அந்த வரிசைப் படம் ஒன்று 11 கோடி டொலருக்கு மேல் போனது. எல்லோரும் விலையைப் பற்றித்தான் பேசினார்கள். சூட்டைப் பற்றி யார் பேசினார்கள்?

ஆகவே எங்கள் குற்றச்சாட்டு இதுதான். இங்கே 'இம்ப்ரெஷனிஸ்ட் ஸ்டைல்' என்பது ஓவிய முறையின் பெயராக இல்லை. அது ஒரு அழிறப்பர். உடைந்த தூரிகைத் தடம், கறுப்பில்லாத நிழல், பனி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். அவற்றைக் கொண்டு அவர்கள் பார்த்ததை மட்டும் எடுக்கவில்லை.

இந்த அழிப்பு வேறு இடத்தில் நடந்திருந்தால் நாங்கள் இவ்வளவு சத்தம் போடமாட்டோம். நடப்பது மாத்தளை மாவட்டத்தில். 'ஆளில்லாத நிலம்' என்ற சொல் இங்கே சும்மா ஒரு சொல் கிடையாது.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் என்ன செய்தது? காடு, தரிசு, பயிரிடாத நிலம் எல்லாம் மறுப்புக்கு ஆதாரம் காட்டும்வரை முடிக்குரியது என்றது. ஊர்ச்சனம் சேனை வெட்டிய காடு, மாடு மேய்த்த புல்வெளி, விறகு பொறுக்கிய மேடு எல்லாமே காகிதத்தில் 'வெறும் நிலம்' ஆனது. வெறும் நிலம் கோப்பித் தோட்டமானது. புது வரிகளும் சேர்ந்துகொள்ள, 1848இல் இதே மாத்தளையில் கலகம் வெடித்தது. புரன் அப்புவை ஓகஸ்டில் கண்டியில் சுட்டுக் கொன்றார்கள். ஒரு நிலத்தைப் பிடுங்குவதற்கு முதலில் அதில் ஆளில்லை என்று எழுதவேண்டும். அன்றைக்கு அதைச் சட்டம் எழுதியது. இன்றைக்கு அதே வசனத்தை ஹோட்டல் சுவரில் வண்ணத்தால் எழுதுகிறோம்.

கோப்பித் தோட்டத்துக்கு ஆள் எங்கிருந்து வந்தது? தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து, மாத்தளைக்கு வந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் பசியிலும் விழுந்தவர்களுக்குக் கணக்குக் கிடையாது. 1869இல் இலைத்துரு நோய் தொற்றிக் கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது, அவர்கள் லயத்திலேயே இருந்தார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாட்டின் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலட்சக்கணக்கானவர்களைக் கப்பலேற்ற ஏற்பாடு பண்ணியது. 1983 ஜூலையில் மாத்தளை நகரத்துத் தமிழ்க் கடைகள் எரிந்தன. 2023இல் 'மலையகம் 200' என்று தலைமன்னாரிலிருந்து இளைஞர்களும் வயதானவர்களும் நடந்து வந்தார்களே, அந்த நடை ஓகஸ்டில் முடிந்த இடமும் மாத்தளைதான். "நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்" என்று சொல்வதற்காகத்தான் அவ்வளவு தூரம் நடந்தார்கள்.

இவ்வளவும் நடந்த மாவட்டத்தில், ஒரு படத்திலிருந்து சாக்கு சுமந்த இரண்டு பெண்களை எடுக்கச் சொல்வது டிசைன் விஷயம் இல்லை.

இனி எங்களிடம் வரப்போகும் எதிர்ப்புகள். ஏற்கெனவே வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டன.

முதலாவது: "ஓவியரும் சாப்பிட வேண்டாமா?" வேண்டும். கிரீன் பாத்தில் மழையிலும் வெயிலிலும் படத்தைக் காத்துக்கொண்டு நிற்கிறவரோடு எங்களுக்குச் சண்டை இல்லை. வாங்குகிறவர் கேட்பதை அவர் வரைகிறார். எங்கள் தோழியும் அதைத்தான் செய்தாள். எங்கள் சண்டை கேட்கிறவரோடு. ஒரு கணக்கு மட்டும் சொல்கிறோம். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். அந்தக் கணக்கில் 85 ஆயிரம் என்பது 63 நாள் வேலை. ஒரு தொழிலாளி 63 நாள் மலையேறி எடுக்கிற காசைக் கொடுத்து, அவர் தெரியாத மாதிரி ஒரு மலையை வாங்குகிறார்கள். வாங்கட்டும். ஆனால் அதை ரசனை என்று எங்களுக்குப் பாடம் எடுக்கவேண்டாம்.

இரண்டாவது: "எல்லாப் படத்திலும் அரசியல் வேண்டுமா? மனசுக்கு அமைதியாக ஒன்றைப் பார்க்கக் கூடாதா?" பார்க்கலாம். நிலக்காட்சி ஓவியத்துக்கு நாங்கள் எதிரி இல்லை. ஆசை இராசையா வரைந்த யாழ்ப்பாணத்து நிலக்காட்சிகளை நாங்களும் வாய் பிளந்து பார்த்தவர்கள்தான். ஆனால் ஒன்று கேட்கிறோம். கோபுரமும் ரோடும் இரண்டு பெண்களும் இருந்தால் ஏன் அமைதி கெடுகிறது? அந்தப் பெண்கள் சத்தம் போடவில்லையே, நடந்துதானே போனார்கள்? அவர்கள் தெரிந்தால் குலைகிற அமைதி யாருடைய அமைதி?

மூன்றாவது, கொஞ்சம் நியாயமானது: "ஓவியர் எதையும் சேர்க்கலாம், எதையும் விடலாம். அது கலைஞரின் சுதந்திரம்." முழுசாக ஒத்துக்கொள்கிறோம். எங்கள் தோழியே கோபுரம் வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. அவள் அதை வரைந்திருந்தாள். காற்றுக்குள் உட்கார்ந்து மூன்று நாள் பார்த்து, பனிக்குள் இரும்பு எப்படி மங்குகிறது என்று படித்து வரைந்திருந்தாள். படத்தின் மிகக் கஷ்டமான இடமே அதுதான். சுதந்திரம் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த வட்ஸ்அப் செய்தியை இன்னொரு தடவை வாசிக்கட்டும்.

வேறு மாதிரி வரைய முடியாது என்பதும் பொய். 1943இல் கொழும்பில் '43 குழு' சேர்ந்தபோது, லயனல் வென்ட், ஜோர்ஜ் கீட், ஹரி பீரிஸ் போன்றவர்கள் ஐரோப்பாவின் புதிய ஓவியத்தைப் படித்துவிட்டு, அதை வைத்து இங்கே இருந்ததைப் பார்த்தார்கள். எங்கள் காலத்துக்கே வாருங்கள். மலையகத்திலிருந்து வந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஓவியம் படித்த ஹனுஷா சோமசுந்தரம், அருள்ராஜ் உலகநாதன் இருவருடைய வேலைகளையும் தேடிப் பாருங்கள். தோட்டத்தையும் தோட்டத்துச் சனத்தையும் அவர்கள் நடுவில் வைத்திருக்கிறார்கள். அவற்றையும் காட்சியறைகள் காட்டுகின்றன, சேகரிப்பவர்கள் வாங்குகிறார்கள். ஆகவே 'கலெக்டர்ஸ் விரும்பமாட்டார்கள்' என்பது கலெக்டரின் குரல் கூட இல்லை. நடுவில் நிற்கிறவர் பயத்தில் சொல்கிற கதை அது.

எங்கள் கோரிக்கை பெரிசாக ஒன்றும் இல்லை. படம் வாங்குகிறவர்களுக்கு: வாங்குவதற்கு முன் அந்த இடத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் போங்கள். ஹோட்டல்காரர்களுக்கு: உங்கள் அறையைத் துடைக்கிற, உங்கள் தேநீருக்குக் கொழுந்து பறித்த சனத்தின் ஊரை ஆளில்லாமல் மாட்டாதீர்கள். வரைகிற நண்பர்களுக்கு: கோபுரத்தையும் வரையுங்கள். இரும்பு பனிக்குள் எப்படி மறைந்து மறைந்து தெரிகிறது என்று வரைந்து பாருங்கள், அதுதான் மொனேயிடம் படிக்கவேண்டிய பாடம். எடுக்கச் சொன்னால் ஒருதடவையாவது "ஏன்?" என்று கேளுங்கள். எங்கள் தோழி கேட்கவில்லை. அடுத்த முறை கேட்பேன் என்கிறாள்.

கடைசியாக எங்களுக்கும் உங்களுக்கும். இதை எழுதி முடித்த இரவு, நாங்கள் ரிவர்ஸ்டன் போனபோது எடுத்த ரீல்களைத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். மொத்தம் பதினொன்று. ஒன்றிலும் கோபுரம் இல்லை. எல்லோருமே ஃபோனைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி, வேன்களையும் கச்சான் விற்றவரையும் வெட்டிவிட்டு, பனியை மட்டும் எடுத்திருக்கிறோம். ஹோட்டல்காரர் வட்ஸ்அப்பில் கேட்டதை நாங்கள் ஒருவரும் கேட்காமலே, ஓசியில் செய்திருக்கிறோம். அந்த ரீல்களை அங்கிருந்தே அப்லோட் பண்ண எங்களுக்கு சிக்னல் தந்தது அதே கோபுரமாகவும் இருக்கலாம்.

அடுத்த தடவை போகும்போது ஃபோனைத் திருப்பாமல் எடுக்கிறோம். அம்மாயிக்கு முதலில் அதைத்தான் அனுப்பவேண்டும்.